கட்டியவர் என்ற இடத்தில்

எல்வ்டால், மினசோட்டா
6 அக்டோபர் 1991

அன்புள்ள ஆர்லிஸ் அத்தைக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மீன் ஆலையில் இன்னும் நின்றுகொண்டே செய்கிற வேலைதானா? நீங்கள் அனுப்பிய புகைபோட்ட மீன் பத்திரமாக வந்து சேர்ந்தது. அப்பா அதை லாரியில் எடுத்துப் போய்விட்டார். எனக்கு ஒரு துண்டுதான் கிடைத்தது.

அப்பா கொட்டகையில் கட்டுகிற விமானம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வலது இறக்கையும் முடிந்துவிட்டது. கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. ஏழு வருஷமாக வெறும் வாலை மட்டும் பார்த்து வந்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியம். போன ஞாயிறு தேவாலயம் முடிந்ததும் ஊர் விமானக் கழகத்தார் நான்கு பேர் பார்க்க வந்தார்கள். நான் வழக்கம்போல விமானத்தின் வெற்று உடல் கூட்டுக்குள் புகுந்து படுத்துக்கொண்டேன். அங்கே இருந்தால் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். அவர்கள் பேசுவது மட்டும் கேட்கும்.

தீவனக் கடை டெல்மர்தான் ஆரம்பித்தார். உங்களோடு படித்தவராமே.

"ஏம்ப்பா ஹார்லன், மாசத்துல மூணு வாரம் லாரியிலேயே கிடக்குற. இது எப்படி இப்படி வளருது? தண்ணி கிண்ணி ஊத்துறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "வீட்டுல இருக்கிற நாள்ல நான் தூங்குறதில்ல. அதான்."

"பொண்ணப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திட்டு நீ ஓசியில வேலை வாங்குறதா ஊர்ல பேச்சு இருக்குப்பா. நான் சொல்லல, பேசிக்கிறாங்க."

ஏதோ சாமானை மேஜைமேல் டக்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் குரல்: "ஓசியா? எவன் சொன்னான்? மணிக்கணக்குப் போட்டுக் கூலி குடுக்குறேன். சாமான் எடுத்துக் குடுக்கும், கூட்டும். வேலைக்கு வந்த ஆளுக்கு என்னவோ அதேதான் அவளுக்கும்."

உள்ளே இருட்டில் என் காது இரண்டும் சூடாகிவிட்டன. அவர்கள் காபி குடித்துப் போகும்வரை நான் அசையவில்லை.

குளிர் தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சிக்னே


ஆஸ்டோரியா, ஆரிகன்
27 அக்டோபர் 1991

என் செல்லம் சிக்னேக்கு,

முழங்கால் இருக்கிறது, மழை வருவதை வானொலிக்கு முன்னால் சொல்கிறது. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஆகஸ்ட் முழுக்கத் தான் டெக்சாஸில் சுற்றிக்கொண்டிருந்ததாக உன் அப்பா எனக்குத் தபால் அட்டை போட்டிருக்கிறான். "வலது இறக்கை முடிந்துவிட்டது" என்று நீ எழுதுகிறாய். தானாக முடிந்ததா? யார் முடித்தது?

இன்னொன்று. கூலி கொடுக்கிறானாமே, நல்லது. அதில் ஒரு நல்ல கோட்டு வாங்கிக்கொண்டாயா? உன் கோட்டின் கை மணிக்கட்டுக்கு மேலே நிற்பதைப் போன வருஷமே பார்த்தேன்.

ஊர்ப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. உன்னை யாரும் நிறுத்தவில்லை. வகுப்பில் எழுந்து வாசி என்று சொன்னால் போதும், அன்றைக்குக் காலையிலிருந்தே வாந்தி எடுப்பாய். பதினாறு முடிந்ததும் நீயே வேண்டாம் என்றாய், அவன் கையெழுத்துப் போட்டான். அவ்வளவுதான் நடந்தது. அதைச் சொல்வதற்கு அவனுக்கு என்ன கேடு?

என் இரண்டு கேள்விக்கும் பதில் போடு.

அன்புடன்
அத்தை


எல்வ்டால்
1 டிசம்பர் 1991

அன்புள்ள அத்தைக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். இங்கே எல்லோரும் நலம். பண்டிகைக்கு உருளைக்கிழங்கு மசித்து லெஃப்சா ரொட்டி சுட்டேன். முதல் ஐந்தாறு கருகிப்போயின, அப்பா அவற்றைத்தான் முதலில் சாப்பிட்டார். அம்மா ஃபார்கோவிலிருந்து போன் செய்தாள், வழக்கம்போல என்னிடம் மட்டும் பேசினாள். அவளுடைய புது வீட்டில் தரை விரிப்பு மாற்றியிருக்கிறார்களாம்.

பனி முழங்கால் வரை விழுந்திருக்கிறது. கொட்டகையின் எண்ணெய் அடுப்பு சரியாக எரியவில்லை. விரல் விறைத்துப்போனால் தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணிகளை அடிக்க முடியாது. வெளியே ஒருத்தர் ரிவெட் அடிக்கிற காற்றுத் துப்பாக்கியைப் பிடித்து அடிக்க வேண்டும், உள்ளே ஒருத்தர் இரும்புக் கட்டையைப் பிடித்து அழுத்த வேண்டும். ஒருத்தரே இரண்டையும் செய்யலாம், கை நீளம் எட்டினால். உடம்பை எப்படி வளைப்பது என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலான இடங்களுக்கு எட்டிவிடுகிறது. அடித்த பிறகு விரலால் தடவிப் பார்த்தாலே சரியா தப்பா என்று தெரியும்.

பழைய கோட்டே எனக்குப் போதும் அத்தை. கொட்டகையில் எப்படியும் கிழியத்தானே போகிறது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

சிக்னே


ஆஸ்டோரியா
22 டிசம்பர் 1991

சிக்னேக்கு,

நலம். கேட்டது இரண்டு கேள்வி. வந்தது பனி, லெஃப்சா, தரை விரிப்பு. சரி, எனக்குப் புரிகிற அளவு புரிந்தது.

தனியாக ஒரு பொட்டலம் வரும். கோட்டு. பெரிதாக இருந்தால் கையை மடித்துக்கொள். திருப்பி அனுப்பினால் பேச மாட்டேன்.

அத்தை


எல்வ்டால்
26 ஜனவரி 1992

அன்புள்ள அத்தைக்கு,

கோட்டு மிக நன்றாக இருக்கிறது. கையை மடிக்கவே வேண்டியிருக்கவில்லை. நீங்கள் சுகமா?

விமானத்தைப் பரிசோதிக்க வசந்த காலத்தில் அரசாங்க இன்ஸ்பெக்டர் வருவார். இந்த மாதிரி வீட்டில் கட்டுகிற விமானத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. பாதிக்கு மேல், கற்றுக்கொள்ளவோ ஆசைக்கோ செய்கிற ஆள் தன் கையால் கட்டியிருக்க வேண்டும். கட்டும்போது எடுத்த படங்களைக் காட்ட வேண்டும். பிறகு கட்டியவர் என்ற இடத்தில் ஒரு பெயர் எழுத வேண்டும். அந்தப் பெயரைத் தகட்டில் பொறித்து விமானத்திலேயே அடித்துவிடுவார்கள். எத்தனை பேருக்குக் கைமாறினாலும் அந்தப் பெயர் மாறாது.

அப்பாவிடம் வால் கட்டிய காலத்துப் படங்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. "காசு போட்டு சாமான் வாங்கினவனே கட்டலேன்னா பறக்கவே விட மாட்டாங்க சிக்னே. எல்லாம் பாழாப்போயிடும்" என்றார். அதனால் போன சனிக்கிழமை படம் எடுத்தோம்.

இறக்கையை மேஜையில் ஏற்றி, பாதி கட்டிய மாதிரி தெரிய நான்கைந்து தகடுகளைக் கழற்றி வைத்தேன். அப்பா வீட்டிலிருந்து ஒரு கை நிறையச் சட்டைகள் கொண்டுவந்தார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சட்டை.

"இது எந்த வருஷம்ப்பா?"

"எண்பத்தெட்டுன்னு வெச்சுக்க. கோடை."

"எண்பத்தெட்டுல உங்களுக்கு மீசை இருந்துச்சே."

அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். "அடச்சே. கையால மறைச்ச மாதிரி நிக்கிறேன். எடு, எடு, குளிருது."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அது விளையாட்டாகவே இருந்தது. பிறகு அவர் துப்பாக்கியை எடுத்து ஒரு ரிவெட் வரிசைமேல் வைத்துக்கொண்டு, முகத்தைக் கவனமாக இருப்பதுபோல் வைத்தார்.

"அந்த வரிசை இந்தப் பக்கத்திலேர்ந்து அடிக்கிறதில்லப்பா. அந்தப் பக்கம் வாங்க."

அவர் மேஜையைச் சுற்றி அந்தப் பக்கம் வந்தார். அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை. நான் கேமராப் பொத்தானைச் சீக்கிரம் சீக்கிரமாக அழுத்தி முடித்தேன்.

படங்களில் நன்றாக வந்த சிலவற்றைக் கழகத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். ஒன்று உங்களுக்கு அனுப்பச் சொன்னார். இதோடு வைத்திருக்கிறேன்.

சிக்னே


ஆஸ்டோரியா
9 பிப்ரவரி 1992

சிக்னேக்கு,

படம் வந்தது. என் தம்பி ஜூலை மாதத்து அரைக்கைச் சட்டையில் நிற்கிறான், வாயிலிருந்து கெட்டில் மாதிரி ஆவி போகிறது. இதைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் நீதான் கட்டினாயா? ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் எழுது. நான் அவனுக்குப் போன் செய்யப் போகிறேன்.

அத்தை


எல்வ்டால்
16 பிப்ரவரி 1992

அன்புள்ள அத்தைக்கு,

தயவுசெய்து போன் செய்யாதீர்கள்.

வாலும் இன்ஜினும் அப்பா. மற்றது நான். கூலி எதுவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை, அவர் கொடுக்கவும் இல்லை, எனக்கு அது வேண்டியதும் இல்லை. டெல்மர் அப்படிக் கேட்டதும் அப்பாவுக்கு வாயில் வந்தது அது. ஒருமுறை சொன்ன பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஏழு வருஷமாக எல்லோரிடமும் "நான் விமானம் கட்டுகிறேன்" என்று சொல்லி வந்தவர். லாரியை விட்டு இறங்கினால் அவருக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. அது என் கையில் முடிந்துவிட்டது என்பதை நான் எப்படி யாரிடமாவது சொல்வேன்? அவர் ஊரில் இல்லாதபோது அவருடைய பொருளை எடுத்துக்கொண்ட மாதிரி எனக்கு இருக்கிறது.

என் பெயர் எங்கேயும் வர வேண்டாம். பெயர் வந்தால் யாராவது பேசச் சொல்வார்கள்.

இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

சிக்னே


ஆஸ்டோரியா
12 ஏப்ரல் 1992

என் செல்லத்துக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்தான். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே நான் போன் செய்துவிட்டேன். "பெத்த பொண்ணு கட்டினத உன் பேர்ல போட்டுக்கிறியே, உனக்கு வெக்கமா இல்லையாடா" என்று கேட்டேன். லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அவன் உன்னிடம் ஏதாவது சொன்னானா? உன்னைத் திட்டினானா? எழுது. உடம்பு எப்படி இருக்கிறது என்றாவது எழுது.

அத்தை


எல்வ்டால்
17 மே 1992

அன்புள்ள அத்தைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா திட்டவும் இல்லை. நீங்கள் போன் செய்ததையே அவர் என்னிடம் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

நேற்று இன்ஸ்பெக்டர் வந்தார். ஹோவ்லன் என்று பெயர், உயரமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். டெல்மரும் கழகத்தார் இன்னும் மூன்று பேரும் மடக்கு நாற்காலியும் காபி ஃபிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு வந்து, பந்து விளையாட்டுப் பார்க்கிற மாதிரி வரிசையாக உட்கார்ந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். நான் எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் நின்றேன்.

இன்ஜினைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் அப்பா நன்றாகப் பதில் சொன்னார். பிறகு இன்ஸ்பெக்டர் கூட்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சுத்தமான வேலை. இந்த மூலையில கட்டையை எப்படிப் பிடிச்சீங்க மிஸ்டர் ட்வெய்ட்? உங்க தோள் இதுக்குள்ள நுழையாதே."

அப்பா அந்த ஓட்டையைப் பார்த்தார். அவர் அதற்குள் எட்டிப் பார்த்ததே அப்போதுதான் என்று எனக்குத் தெரியும்.

டெல்மர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "அதுக்குத்தாங்க அந்தப் பொண்ணு! அதோ ஒளிஞ்சுகிட்டு நிக்குது பாருங்க. கூலிக்கு வெச்சிருக்கான். ஒழுங்காச் சம்பளம் குடுக்குறான்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. "கூலிக்கா?"

"ஆமா. ஊருக்கே தெரியும்."

இன்ஸ்பெக்டர் அப்பாவிடம் திரும்பினார். "கூலிக்கு ஆள் வெச்சுச் செஞ்ச வேலை கணக்குல வராதுங்க. அது பாதிக்கு மேல இருந்தா நான் இப்பவே பையை மூடிட்டுக் கிளம்பணும். இத நீங்க பறக்க வைக்க முடியாது. அந்தப் பொண்ணு எவ்வளவு செஞ்சுது?"

அப்பா சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றில் நின்று, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "உங்க ஊர்ல ஜூலையிலகூட நல்ல குளிர்போல" என்றார். நாற்காலியில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"இங்க வாம்மா" என்று என்னைக் கூப்பிட்டார்.

போனேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பில் எழுந்து வாசி என்று சொன்ன மாதிரி இருந்தது.

"நீ இதுக்குக் காசு வாங்குனியா?"

ஆமாம் என்றால் விமானம் போயிற்று, இந்தக் கொட்டகையிலேயே கிடக்கும். இல்லை என்றால் அப்பா தன் சிநேகிதர்களிடம் ஒவ்வொரு ஞாயிறும் பொய் சொல்லியிருக்கிறார். நான் அப்பாவைப் பார்த்தேன். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை, நான் ரொம்ப நேரம் காத்திருந்தேன்.

"இல்ல."

"கேக்கலம்மா."

"இல்ல! ஒரு காசுகூட இல்ல."

நான் கத்திவிட்டேன். தகடுகளில் பட்டு என் குரல் எனக்கே திரும்பிக் கேட்டது.

"அப்ப எதுக்குச் செஞ்ச? ஆசைக்கா, கத்துக்கவா? ஏதாவது ஒண்ணு நான் எழுதணும்."

"பள்ளிக்கூடத்த விட்டுட்டேன். இதுக்குள்ள இருந்தா யாரும் பேசச் சொல்ல மாட்டாங்க. அதான் செஞ்சேன்."

அவர் சற்று யோசித்தார். "கல்வின்னு போட்டுக்கிறேன்" என்று எழுதினார்.

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு விமானத்தைச் சுற்றி வந்தார். எதைக் கேட்டாலும் தொட்டுக் காட்டினேன். பல இடங்களில் பேச்சு தேவைப்படவில்லை. முடிந்ததும் அவர் அப்பாவிடம் தாழ்ந்த குரலில்தான் சொன்னார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"யார் பணம் போட்டு வாங்கினாங்கன்னு சட்டம் கேக்கறதேயில்ல மிஸ்டர் ட்வெய்ட். யார் கட்டினா, கூலி வாங்காமக் கட்டினாளா, அவ்வளவுதான். உங்க பொண்ணு கட்டினான்னு முதல்லயே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை." தானே கட்டியதாக அப்பா கையெழுத்திட்டு வைத்திருந்த உறுதிமொழிப் பத்திரத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இத நான் பாக்கல. புதுசா எழுதி அனுப்புங்க, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பெயர்த் தகட்டையும் மாத்துங்க. மறுபடி வர்றேன். வருஷா வருஷம் இதப் பரிசோதிக்கிற லைசென்ஸ் கட்டின ஆளுக்குத்தான் குடுப்போம். பொண்ணுக்குப் பதினெட்டு ஆகட்டும்."

ஆக அந்தச் சட்டைகள், மீசை, எதுவுமே தேவைப்பட்டிருக்கவில்லை.

கழகத்தார் நாற்காலிகளை மடக்கினார்கள். "காபி மிச்சம் இருக்கு" என்றார் டெல்மர். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அப்பா திங்கட்கிழமை லாரியில் ஏற்ற வேண்டிய பாரத்துக்கு நேற்று மாலையே கிளம்பிப் போய்விட்டார்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் நடுத்தெருவில் அவர் சட்டையைக் கழற்றிவிட்ட மாதிரி இருக்கிறது.

சிக்னே


எல்வ்டால்
14 ஜூன் 1992

அக்காவுக்கு,

ஹார்லன் எழுதுவது. நலம். உன் முழங்கால் மோசம் என்று சிக்னே சொன்னாள். டாக்டரைப் பார்.

இங்கே மழை போதாது. சோளம் குட்டையாக நிற்கிறது. லாரிக்குப் பின் டயர் நான்கும் மாற்றினேன்.

பிப்ரவரியில் நீ பேசியபோது லைன் கட்டாகவில்லை. நான்தான் வைத்தேன்.

பெயர்த் தகட்டை மாற்றியாயிற்று. பழையதை அடித்தது சிக்னேதான். என் பெயர் போட்ட தகட்டை அவளையே அடிக்கச் சொல்லியிருந்தேன். நன்றாக அடித்திருந்தாள், கழற்ற வெகு நேரம் பிடித்தது. புதியதை நானே அடித்தேன். ஒரு ரிவெட் கொஞ்சம் கோணல். அவள் விரலால் தடவிப் பார்த்தாள், அப்படியே விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கழகத்துக்குப் போவதில்லை. படங்கள் இன்னும் அங்கே சுவரில் இருக்கின்றன. எடுக்க வேண்டும்.

அவள் என்னிடம் எப்போதும்போலப் பேசுகிறாள். நான்தான்.

ஹார்லன்


ஆஸ்டோரியா
5 ஜூலை 1992

என் செல்லம் சிக்னேக்கு,

சுகம். டாக்டரைப் பார்த்தேன், எடையைக் குறைக்கச் சொன்னார், வேறு டாக்டரைப் பார்க்கப் போகிறேன்.

உன் அப்பா எனக்குக் கடிதம் போட்டிருக்கிறான். அட்டை இல்லை, உறை ஒட்டிய கடிதம். அதில் டயர், சோளம் எல்லாம் இருக்கிறது. கடைசியில் ஒரு வரியை ஆரம்பித்து முடிக்காமல் விட்டிருக்கிறான். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு இப்படித்தான் கதவோரம் நின்றுகொண்டு வானிலை பேசுவான். அவனுக்குப் பதில் எழுதியிருக்கிறேன், திட்டவில்லை.

சட்டையை நீ கழற்றவில்லை. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

அத்தை


எல்வ்டால்
13 செப்டம்பர் 1992

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இரண்டாவது டாக்டர் என்ன சொன்னார்?

இன்ஸ்பெக்டர் ஆகஸ்டில் மறுபடி வந்து அனுமதி கொடுத்துவிட்டார். நேற்று அப்பா அதில் முதல் தடவையாகப் பறந்தார். தொடக்கத்தில் இத்தனை மணி நேரம் ஓட்டுபவர் மட்டும்தான் இருக்கலாம் என்று விதி, அதனால் நான் ஓடுதளத்தின் ஓரத்தில் புல்லில் நின்றேன். கழகத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள். மே மாதத்துக்குப் பிறகு அப்பா அவர்களோடு ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ஆனால் புறப்படும் முன் நேராகக் கழகத்துக்குள் போய், எல்லோரும் டோனட் தின்றுகொண்டிருக்கும்போதே சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். டெல்மர் எழுந்து ஊசிகளைப் பிடுங்கிக் கொடுத்தாராம்.

விமானம் தரையை விட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான் அடித்த ஒவ்வொரு ரிவெட்டும் என் விரலில் வந்து போனது. சத்தம் தேய்ந்து, திரும்பி வந்து, சக்கரம் தொட்ட பிறகுதான் திறந்தேன்.

அவர் இறங்கினார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்படிப்பா இருந்துச்சு?" என்றார் டெல்மர். "சொல்லுய்யா, முகத்த ஏன் அப்படி வெச்சிருக்க?"

அப்பா அவர்களைத் தாண்டிப் புல்லுக்கு, நான் நின்ற இடத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் அதிகச் சத்தமாகவே பேசினார்.

"இடது பிரேக் லேசா பிடிச்சு இழுக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. கட்டினவ நீதான், வந்து பாத்துச் சொல்லு."

அத்தனை பேரும் நகர்ந்து வழி விட்டார்கள். எனக்கு முகம் பற்றி எரிந்தது. குனிந்து சக்கரத்துக்கு அடியில் போனது ஒருவிதத்தில் வசதியாகவும் இருந்தது. குழாயைப் பார்த்தேன், சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். அத்தை, பிரேக்கில் ஒரு கோளாறுமே இல்லை.

வேண்டுமென்றே நிறைய நேரம் அடியிலேயே இருந்தேன். அப்பாவின் பூட்ஸ் இரண்டும் எனக்குப் பக்கத்திலேயே, அசையாமல் நின்றன.

வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கச் சொன்னேன்: "சரி பண்ணிட்டேன்ப்பா. இப்பப் போங்க."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஏறினார்.

முழங்காலை நனைய விடாதீர்கள். அடுத்த முறை புகைபோட்ட மீன் அனுப்பினால் இரண்டு பொட்டலமாக அனுப்புங்கள்.

உங்கள்
சிக்னே